இருமொழியும் மூளை நலமும்

காட்டாங்குளத்தூர்க் கடைத்தெருவில் தமிழ், வீட்டில் தெலுங்கு எனப் பேசும் என் பாட்டி எழுத்தறியாதவர். ஒரு மொழியின் சொல்லை எடுக்கும்போதே மற்றதன் சொல்லை மூளை அடக்கி வைக்க வேண்டும். இந்த ஓயாத பயிற்சி முதுமையில் வரும் மறதி நோயைத் தள்ளிப்போடுமா?

ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் அறிந்தோருக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 61.1, இருமொழியாளருக்கோ 65.6. கனடாவிலும் முன்பே இத்தகைய ஆய்வு நடந்ததுண்டு. ஆனால் அங்கு இருமொழியாளர் பலர் குடியேறியவர்கள். காரணம் வேறாக இருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. ஐதராபாத்தில் அதற்கு இடம் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடையே வேறுபாடு இன்னும் மிகுதி: ஏறத்தாழ 6 ஆண்டு! எனவே இது கல்வியின் பயன் மட்டுமே எனல் பொருந்தாது.

மூன்றாம் மொழியால் கூடுதல் பயன் தென்படவில்லை (பன்மொழிப் புலவர்கள் பொறுத்தருள்க). நோய் வராது என்பதன்று, பிந்தி வந்தது என்பதே முடிவு. நலமாயிருப்போரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பிற ஆய்வுகள் சிலவற்றில் இப்பயன் புலப்படவுமில்லை.

முதலாண்டில், வீட்டு மொழியை நண்பர்களிடம் மறைத்தவன் நான். இப்போது பாட்டியிடம் தெலுங்கிலேயே பேச முயல்கிறேன். சொற்கள்தாம் வர மறுக்கின்றன.