தாய்ப்பாலும் மாவுப்பாலும்: வீட்டார் எண்ணங்களும் அறிய வேண்டிய உண்மைகளும்

குழந்தை பிறந்த முதல் சில நாட்களில் பிரசவ வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "பால் போதவில்லை போலிருக்கிறதே, பவுடர் பால் கொடுக்கலாமா?" கேட்பவர் பல வேளைகளில் தாய் அல்லர். உடனிருக்கும் பாட்டியாகவோ தந்தையாகவோ குழந்தையைக் காண வந்த உறவினராகவோ அவர் இருப்பார். குழந்தைக்கு எந்தப் பாலைக் கொடுப்பது என்னும் முடிவைத் தாய் தனியே எடுப்பதில்லை. அவரைச் சுற்றியிருப்போரின் எண்ணங்களும் சேர்ந்தே அம்முடிவை உருவாக்குகின்றன. ஆகவே இப்பாடம் தாய்மார்களுக்கு மட்டுமன்றி, அவர்களைப் பேணும் குடும்பத்தினர் அனைவருக்கும் உரியது.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்குதல், முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல், அதன்பின் இணை உணவுடன் 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடர்தல் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் நாட்டில் 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆயினும் முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காட்டினர் மட்டுமே. பிரசவம் மருத்துவமனைக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது, பழக்கங்களும் எண்ணங்களும் மாற வேண்டும் என்பதை இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன.

1. எண்ணங்கள் எங்கிருந்து வந்தன?

"டின் பால் குடித்த பிள்ளை கொழுகொழுவென்று வளரும்" என்று முதியோர் சிலர் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் இளமைக் காலத்தில் பால்மாவு டப்பாவின் மீது பருத்த குழந்தையின் படம் இருந்தது; விளம்பரங்களும் அதையே காட்டின. டின் பால் வாங்குவது வசதியின் அடையாளமாகவும் கருதப்பட்டது.

இவ்வகை விளம்பரங்களால் விளைந்த தீங்குகளைக் கண்டு, 1981-ஆம் ஆண்டு உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை குறித்து ஒரு பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. இந்திய அரசு 1992-ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2003-ஆம் ஆண்டு அதனை மேலும் இறுக்கியது. இதன்படி 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்தல் ஆகாது. டப்பாவின் மீது குழந்தையின் படம் இருத்தல் ஆகாது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி வழங்குதலும் ஆகாது. எவரேனும் உங்களிடம் இலவசமாகப் பால்மாவு கொடுக்க முன்வந்தால், அது சட்டத்திற்குப் புறம்பானது என்பதை நினைவிற் கொள்க.

மற்றொரு புறம், இதற்கு நேர்மாறான எண்ணமும் நம்மிடையே வளர்ந்துள்ளது. மாவுப்பால் கொடுக்கும் தாய் தன் கடமையில் தவறியவள் என்று பேசுவோர் உண்டு. முதல் எண்ணம் குழந்தையின் நலத்தைக் கெடுக்கக்கூடியது. இரண்டாவது தாயின் மனத்தைப் புண்படுத்துவது. இரண்டையும் விலக்கி, உண்மையை மட்டும் நோக்குவோம்.

2. முதல் மூன்று நாட்களில் நிகழ்வது என்ன?

பிறந்தவுடன் சுரப்பது சீம்பால். அது சற்று மஞ்சள் நிறத்துடன் கெட்டியாகவும், அளவில் குறைவாகவும் இருக்கும். இதனைக் கண்டே "பால் இல்லை" என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் கொள்வது ஓரிரு தேக்கரண்டி அளவுதான். எனவே சில சொட்டுகளாகச் சுரக்கும் சீம்பால் அந்நாளைய தேவைக்கு ஏற்றதே. நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதில் நிறைந்துள்ளதால், அதனைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுதல் கூடாது. பால் பெருகத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள்.

பால் சுரத்தலின் அடிப்படை எளியது. குழந்தை சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி செல்கிறது. அங்கிருந்து புரோலாக்டின் என்னும் இயக்குநீர் வந்து பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் என்னும் மற்றோர் இயக்குநீர் அதனை வெளியேறச் செய்கிறது. மார்பில் தேங்காமல் பால் வெளியேறினால்தான் மேலும் சுரக்கும். இடையில் மாவுப்பால் கொடுத்தால் குழந்தையின் வயிறு நிரம்பி, மார்பில் சப்பும் நேரம் குறைகிறது. சப்புதல் குறைந்தால் சுரப்பும் குறைகிறது. "பால் போதவில்லை" என்ற ஐயத்தில் கொடுத்த மாவுப்பாலே உண்மையில் பால் குறைவதற்குக் காரணமாகிவிடுகிறது.

சேனை வைத்தல், சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு உரைத்துக் கொடுத்தல் ஆகியவையும் இக்காலத்தில் வேண்டா. இவை கிருமித் தொற்றுக்கு வழி வகுக்கலாம். தேனை ஒரு வயது வரை அறவே தவிர்க்க வேண்டும். வீட்டுப் பெரியவரின் ஆசியைப் பெறச் சேனை வைக்க விரும்பினால், குழந்தையின் நெற்றியைத் தொட்டு வாழ்த்துவதே போதும்.

3. பால் போதுகிறதா என்று எவ்வாறு அறிவது?

அழுகை மட்டுமே பசியின் அடையாளம் அன்று. ஈரம், குளிர், களைப்பு, அணைப்பை நாடுதல் ஆகியவற்றிற்காகவும் குழந்தை அழும். மாலை வேளைகளில் சில குழந்தைகள் விட்டுவிட்டுப் பலமுறை பால் கேட்பதும் இயல்பே. மார்பின் பருமனும், பீய்ச்சினால் வரும் பாலின் அளவும் சரியான அளவுகோல்கள் அல்ல. கீழ்க்காண்பவற்றையே நோக்குக:

• குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடித்தல். குடிக்கும்போது விழுங்கும் ஒலி கேட்டல்.
• முதல் நாளில் ஒருமுறை, இரண்டாம் நாளில் இருமுறை எனத் தொடங்கி, ஐந்தாம் நாளுக்குப்பின் நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழித்தல்.
• கருமையான முதல் மலம், சில நாட்களில் மஞ்சள் நிறத்திற்கு மாறுதல்.
• தொடக்கத்தில் சற்றுக் குறைந்த எடை, இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டுதல்.

முதல் நாட்களில் எடை சிறிது குறைதல் எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. பிறந்த எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மருத்துவரின் பரிசோதனை தேவை. குழந்தை பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் விழிக்காமல் சோர்ந்திருத்தல், சிறுநீர் மிகக் குறைதல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் படர்தல், உடல் சுடுதல் அல்லது சில்லிட்டுப் போதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வருக.

காம்பு வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணாதீர்கள். குழந்தை காம்பை மட்டும் பற்றியிருப்பதே பெரும்பாலும் வலிக்குக் காரணம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் செல்லும்படி பிடிக்கச் செய்தால் வலி குறையும். பாலும் நன்கு வரும். செவிலியரை அழைத்துக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டா. அறுவைச் சிகிச்சையால் பிரசவித்த தாய்மாரும் படுத்தவாறே பால் கொடுக்கலாம். அருகிலிருப்போர் குழந்தையைத் தாங்கிப் பிடித்தால் போதும்.

4. மாவுப்பால் எப்போது தேவை?

மாவுப்பால் நஞ்சு அன்று; தேவையானபோது உயிர் காக்கும் உணவு அது. தாய் கடும் நோயுற்றிருத்தல், புற்றுநோய்க்கான சில மருந்துகளை உட்கொள்ளுதல், குழந்தைக்குக் காலக்டோசீமியா என்னும் பிறவிக் குறைபாடு இருத்தல், தாய்ப்பால் கொடுத்தும் இரத்தச் சர்க்கரை குறைதல் அல்லது எடை கவலைக்குரிய அளவு இறங்குதல் போன்ற நிலைகளில் மருத்துவர் இதனைப் பரிந்துரைக்கலாம். மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், போதிய பால் சுரக்காத ஒரு சில தாய்மார், தாயை இழந்த குழந்தைகள் ஆகியோருக்கும் இது தேவைப்படும். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மார் தம் மருத்துவக் குழுவுடன் பிரசவத்திற்கு முன்பே கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு முதலில் தாயின் பீய்ச்சிய பாலும், அது கிடைக்காதபோது தாய்ப்பால் வங்கியின் பாலும் நாடப்படும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ஆம் ஆண்டு மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இன்று தமிழகத்தின் பல அரசு மருத்துவமனைகளிலும் இவ்வசதி உண்டு.

6 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குப் பசும்பாலை நேரடியாகக் கொடுத்தல் கூடாது. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம் உள்ளது. பசும்பாலில் அது 3 கிராமுக்கு மேல். அம்மிகுதி குழந்தையின் சிறுநீரகத்திற்குச் சுமையாகும். பசும்பாலில் இரும்புச் சத்தும் குறைவு.

மாவுப்பால் கொடுப்போர் கவனிக்க வேண்டியவை:

• பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. எனவே நன்கு கொதித்த நீரை அரை மணி நேரத்திற்கு மேல் ஆறவிடாமல், சூடாக இருக்கும்போதே மாவைக் கலக்க வேண்டும். பின்னர் ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடுக்கவும்.
• டப்பாவில் குறித்துள்ள அளவை மாற்றுதல் ஆகாது. செலவைக் குறைக்க நீரைக் கூட்டினால் குழந்தை மெலியும். விரைவில் பருக்க மாவைக் கூட்டினால் உடலில் நீர்ச்சத்துக் குறைந்து ஆபத்து நேரலாம்.
• கலந்த பாலை 2 மணி நேரத்திற்குள் பயன்படுத்துக. குடித்து எஞ்சியதைக் கொட்டிவிடுக.
• புட்டியைவிடப் பாலாடையே மேலானது. அது கழுவ எளிது; கொதிநீரில் முழுமையாகத் தூய்மை செய்ய இயலும்.

மாவுப்பால் சில நாட்களுக்கு மட்டும் தேவைப்பட்டால், அந்நாட்களிலும் குழந்தையை மார்பில் சப்ப விடுக. அல்லது பாலைப் பீய்ச்சி வருக. அவ்வாறு செய்தால் பின்னர் தாய்ப்பாலுக்குத் திரும்புதல் எளிதாகும்.

5. பழி கூறுதல் வேண்டா

"உனக்குப் பால் இல்லை" என்ற சொல்லும், "டின் பால்தான் கொடுக்கிறாயா?" என்ற சொல்லும் பிரசவித்த தாயை ஒரே அளவில் வருத்துகின்றன. உறக்கமின்மையும் வலியும் கவலையும் பால் வெளியேறுதலைத் தடைப்படுத்தும். அதனால் கடுஞ்சொல் ஒன்று குழந்தையின் உணவையே குறைக்கக்கூடும். பிரசவத்திற்குப்பின் சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது பொதுவானது. ஆனால் துயரமோ, குழந்தையிடம் விருப்பமின்மையோ, உறக்கமின்மையோ 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் தோன்றினால் அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

6. குடும்பத்தினர் செய்யக்கூடியவை

தந்தை இரவில் குழந்தையைத் தூக்கி வந்து தாயிடம் கொடுக்கலாம், பாலருந்தியபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யலாம், துணி மாற்றலாம். மாமியாரும் தாயாரும் சமையலையும் வந்து செல்வோரையும் பார்த்துக்கொண்டால், தாய்க்கு ஓய்வு கிடைக்கும். பூண்டும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுகளே. எனினும் தாய் வயிறார உண்டு, தாகத்திற்கு நீர் அருந்துவதே முதன்மையானது. பத்தியம் என்ற பெயரில் நீரையும் காய்கறிகளையும் குறைத்தல் கூடாது.

பணிக்குச் செல்லும் தாய்மார் தம் உரிமைகளை அறிந்திருத்தல் வேண்டும். மகப்பேறு நலச் சட்டம் 2017-ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, அதன் வரம்பிற்குட்பட்ட நிறுவனங்களில் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு வழங்கப்படுகிறது. குழந்தை 15 மாதம் எய்தும் வரை நாள்தோறும் இருமுறை பாலூட்ட இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். பயணம் செய்வோருக்காகத் தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015-ஆம் ஆண்டு முதல் பாலூட்டும் அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. பீய்ச்சிய பாலை மூடிய தூய பாத்திரத்தில் அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாளும் வைத்துக் கொடுக்கலாம்.

7. வீட்டில் கலந்து பேச

பிரசவத்திற்கு முன்பே கீழ்க்காணும் வினாக்களைக் குடும்பத்தினர் கூடிப் பேசுதல் நன்று.

1. குழந்தை இரவில் பலமுறை அழுதால், மாவுப்பாலை நாடுமுன் எந்த அடையாளங்களைப் பார்ப்போம்?
2. "பால் போதாது" என்று உறவினர் கூறினால், தாயின் சார்பில் மறுமொழி கூறுபவர் யார்?
3. மருத்துவர் மாவுப்பால் பரிந்துரைத்தால், அதனை முறைப்படி கலக்கக் கற்றுக்கொள்பவர் யார்?
4. முதல் மாதத்தில் தாய் உறங்க, பகலில் எந்நேரத்தை ஒதுக்குவோம்?

இவற்றுக்கு விடை கண்டபின்னும் ஐயம் எஞ்சினால், வீட்டிற்குச் செல்லுமுன் செவிலியரிடமோ குழந்தை மருத்துவரிடமோ கேட்டுத் தெளிவு பெறுக.