குடலை மீண்டும் இணைப்பது: கைத் தையலா, ஸ்டேப்ளரா?

சென்ற வருடம் நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கும் சித்திரைத் திருநாளுக்கும் நான் வரவில்லை. விசாரித்தவர்களிடம் முதுகுவலி என்று சொல்லி வைத்தேன். உண்மை வேறு. மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி. அதை வெட்டி எடுத்து, கீழே குடலை இணைத்து, அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அந்த வழியே போகக் கூடாது என்று சிறுகுடலை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அதன்மேல் ஒரு பை. இதற்கு ஐலியோஸ்டமி என்று பெயர். கீமோதெரபி முடியும்வரை ஐந்து மாதம் அந்தப் பையோடு இருந்தேன்.

இதை மறைத்தது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. நம் அங்கத்தினர் ஒருவருக்கும் இதே பைதான் என்று சமீபத்தில் தெரியவந்தது. அடுத்த மாதம் அவருக்குக் குடலை உள்ளே வைத்து மூடும் ஆபரேஷன். "சார், மெஷின் போட்டு இணைப்பது நல்லதா, கையால் தைப்பது நல்லதா?" என்று போனில் கேட்டார். நானும் அன்று டாக்டரிடம் இதையே கேட்டேன். அது பாதிக் கேள்விதான் என்பது பட்ட பிறகுதான் புரிந்தது.

36 வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் நான். ஃபிஷ்பிளேட் வைத்து போல்ட் முடுக்கிய இணைப்பும் தெரியும், தெர்மிட் வெல்டிங்கும் தெரியும். பாதை எங்கே கெடும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இணைப்பில் என்பேன். குடலும் அப்படித்தான். ஆகவே அந்த இணைப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

வெளியே இழுத்து வைத்த குடல் ஒரு வளைவு. அதன் முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும், பின்சுவர் அறுபடாமல் இருக்கும். சுற்றியுள்ள தோலையும் தசையையும் விடுவித்தபின், அந்த முன் திறப்பை மட்டும் தைத்து உள்ளே தள்ளிவிடலாம். அல்லது அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு, இரு முனைகளையும் நேருக்கு நேர் வைத்துத் தைக்கலாம். இவை கைத் தையல் முறைகள்.

ஸ்டேப்ளர் முறையில் குடலின் இரு கைகளையும் பக்கம் பக்கமாக அணைத்து வைப்பார்கள். கருவியின் இரு தாடைகளையும் ஆளுக்கொரு குழாயில் நுழைத்து அழுத்தினால், இருபுறமும் வரிசையாகப் பின்கள் இறங்கும். நடுவே கத்தி ஓடி வழி திறக்கும். மீந்த வாயை இன்னொரு முறை அழுத்தி மூடுவார்கள். பின்கள் டைட்டானியம். அழுத்தும்போது முழுதாகத் தட்டையாகிவிடாமல் வளைந்து மடங்குவதால், ஓரத்துக்கு ரத்தம் போக இடம் இருக்கும்.

இதில் ஒரு பொறியியல் நுட்பம் உண்டு. மாதக்கணக்கில் எதுவும் ஓடாத கீழ்ப்பக்கக் குடல் சுருங்கிப் போயிருக்கும், மேல்பக்கம் விரிந்திருக்கும். பெரிய பைப்பையும் சின்னப் பைப்பையும் முனையோடு முனை சேர்த்தால் என்ன ஆகும்? அதோடு தையல் போட்ட இடம் சில நாள் வீங்கும். வழி அடைபடும் வாய்ப்பு அதிகம். பக்கம் பக்கமாக இணைத்தால் வாய் அகலம்.

கணக்கு என்ன சொல்கிறது? ஜெர்மனியில் 27 மருத்துவமனைகளில் 337 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். 30 நாளுக்குள் குடல் அடைப்பு வந்தவர்கள் ஸ்டேப்ளர் பிரிவில் 10.3 சதவீதம், கைத் தையலில் 16.6 சதவீதம். ஆனால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிறது புள்ளியியல். இணைப்பில் கசிவு 3.0-க்கு 1.8; அதுவும் பெரிய வேறுபாடு அல்ல. உறுதியாகத் தெரிந்தது, ஸ்டேப்ளரில் ஆபரேஷன் சுமார் 15 நிமிடம் சீக்கிரம் முடிகிறது என்பதே. ஸ்டேப்ளருக்குத் தனிச் செலவு உண்டு. என் அபிப்பிராயம்: சர்ஜனுக்குக் கை பழகியது எதுவோ அதை அவரிடமே விட்டுவிடலாம்.

எனக்கு ஸ்டேப்ளர்தான் போட்டார்கள். உள்ளே ஒரு குறையும் இல்லை. தொல்லை வந்தது தோலில். பை இருந்த வட்டத் துளையை நேர்க்கோடாக இழுத்து இறுக்கத் தைத்திருந்தார்கள். ஆறாம் நாள் சிவந்து வீங்கியது. தையலைப் பிரித்தால் சீழ். ஐந்து வாரம் டிரஸ்ஸிங். என் மனைவி பட்ட பாடு சொல்லி மாளாது. மாதக்கணக்கில் மலம் பட்ட தோல் அது. எவ்வளவு கழுவினாலும் கிருமி இருக்கும். மேலே மூடிவிட்டால் உள்ளே தேங்குவது எங்கே போகும்? மண் கரைக்கு வடிகால் வைக்காமல் விட்டால் மழைக்குச் சரியும் என்று தெரிந்த நான், இதை யோசிக்கவில்லை.

இதற்கு மாற்று, நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை. 1997-இல் பானர்ஜி என்ற சர்ஜன் இந்த முறையை மருத்துவ இதழில் எழுதினார். துளையின் ஓரத்தில் தோலுக்கு அடியே நூலைச் சுற்றி ஓட்டி, சுருக்குப்பை வாய்போல் இழுத்து முடிச்சிடுவார்கள். நடுவில் சிறு துளை மிஞ்சும். உள்ளே ஊறும் நீர் அதன் வழியே வடியும். புண் அடியிலிருந்து மேலே ஆறும். பிறகு நடந்த பல ஒப்பீட்டு ஆய்வுகளில் நேர்க்கோட்டுத் தையலைவிடச் சீழ் பிடிப்பது மிகக் குறைவு என்று தெரிந்தது. முழுதாக மூடச் சில வாரம் ஆகும், அதுவரை துணி மாற்ற வேண்டும். கடைசியில் இரண்டாவது தொப்புள்போல ஒரு குழி நிற்கும். அறுபது தாண்டியவனுக்கு அழகு குறைந்தா போய்விடும்?

தோலுக்கு அடியே தசைச் சுவரும் இருக்கிறது. அது பலவீனப்பட்டால் பின்னாளில் குடல் பிதுங்கி ஹெர்னியா வரும். 2020-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், மூடும்போதே உயிர்த்திசு வலை வைத்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வைக்காதவர்களில் 20 சதவீதத்தினருக்கும் இரண்டு வருடத்தில் ஹெர்னியா இருந்தது. விலை கூடிய பொருள் அது. எல்லோருக்கும் வைப்பதில்லை. கேட்டுப் பார்க்கலாம்.

மூடிய பிறகு சில வாரம் கக்கூசுக்கும் கட்டிலுக்கும் ஷட்டில் வண்டி ஓட்ட வேண்டும். பயப்பட வேண்டாம். எனக்குத் தயிர் சாதம் கைகொடுத்தது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். சர்ஜனைப் பார்த்துவிட்டுப் போன வாரம் மறுபடி போன் செய்தார். சுருக்குப்பை முறையில்தான் மூடுவாராம். அவர் எப்போதும் அப்படித்தானாம். மெஷினா கையா என்று கேட்கத்தான் மறந்துவிட்டாராம்.