விசாவும் பாஸும் ஒன்றல்ல

ஊரிலிருந்து மச்சானையோ மருமகனையோ தருவித்துக் கடையில் வைத்துக்கொள்வது பினாங்கு வியாபாரிகளாகிய நமக்குப் புதிய பழக்கமன்று. கல்லாவில் உட்காரவும் சரக்கறைச் சாவியை ஒப்படைக்கவும் சொந்தக்காரனைவிட நம்பிக்கையானவன் யார் என்பது நம் முன்னோர் போட்ட கணக்கு. அக்கணக்கில் பிழையில்லை. ஆனால் வந்தவன் எந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவில் உட்காருகிறான் என்பதைக் கவனியாது விடுவோர் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

விசா என்பது வாசலில் வந்து நின்று, ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்பதற்குரிய தகுதி, அவ்வளவே. விடுவதா வேண்டாமா என்பதைக் குடிநுழைவு அதிகாரி தீர்மானிக்கிறார். அவர் சம்மதித்துக் கொடுப்பதே பாஸ். எத்தனை நாள் தங்கலாம், எந்தக் காரியத்துக்காகத் தங்கலாம் என்பவையெல்லாம் பாஸைப் பொறுத்தவை. விசா இல்லாமலும் பாஸ் கிடைக்கலாம். விசா இருந்தும் பாஸ் கிடையாமல் திரும்ப நேரலாம்.

நம் பாட்டனார் காலத்துச் சபராளிகளுக்கு இந்தத் தொல்லை அதிகமில்லை. 1933-ஆம் வருஷத்து அந்நியர் சட்டம் சீனரைக் கட்டுப்படுத்திற்று. இந்தியர் பிரிட்டிஷ் பிரஜைகளாதலால் அதில் அகப்படவில்லை. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர் இங்கு இறங்கி மறுநாளே கடையில் நின்றார். 1952-ல் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு 1 முதல் அமுலுக்கு வந்தது. அத்துடன் அந்த வாசல் ஒடுங்கிற்று. பின்னர் 1968-ல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவரை வேலைக்கு வைக்கத் தனி அனுமதி வேண்டும் என்றது. 1969-க்குப் பின் அவ்வனுமதி கிடையாமல், இந்நாட்டிலேயே வாழ்நாளைக் கழித்த இந்தியர் பல ஆயிரம் பேர் ஊர் திரும்பினர். பாடுபட்டவர்களுக்குப் பாடு குறைவில்லை, காகிதம்தான் குறைவாயிருந்தது.

இப்போது வேறொரு மயக்கம் வந்திருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுடையோர் விசா இன்றி 30 நாள் வரை வந்து தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் வந்தது. பின் 2026 டிசம்பர் 31 வரை நீட்டப்பட்டது. ‘விசாவே வேண்டாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டதே, பையனைக் கூப்பிட்டுக்கொள்வோம்’ என்கிறார்கள் சிலர். சொன்னது விசாவைப் பற்றி, பாஸைப் பற்றியன்று. அவனுக்குக் கிடைப்பது சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்ப்பதற்குமான வருகைப் பாஸ். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கவும் கூடாது, வியாபாரம் செய்யவும் கூடாது. ‘சம்பளமா கொடுக்கிறோம்? சாப்பாடு போடுகிறோம், கூடமாட இருக்கிறான்’ என்ற சமாதானம் வீட்டுக் கூடத்தில் செல்லும். மேசை துடைத்துக்கொண்டும் துணி அளந்துகொண்டும் இருப்பவனைக் கண்ட அதிகாரியிடம் அது செல்லுமென்று எவரும் நம்பியிருக்க வேண்டாம்.

தண்டனை இலேசானதன்று. பாஸின் நிபந்தனையை மீறினவனுக்கு 1963-ஆம் வருஷத்துக் குடிநுழைவு விதிகளின்படி 1,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நாள் கடந்தும் தங்கினால் குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பாயும். அதில் அபராதம் 10,000 வெள்ளிக்குக் குறையாது, சிறை ஐந்து வருஷம் வரை. முதலாளி தப்பிவிடுவார் என்பதும் இல்லை. செல்லத்தக்க பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் 55பி பிரிவின்படி ஆளொன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேற்பட்டால் சிறையும் பிரம்படியும்கூட உண்டு. ஒரு சிறு கடையின் பல மாத இலாபம் ஒரு மருமகனால் போய்விடலாம்.

ஆள் வேண்டுமானால் முறையான வழி, முதலாளி இங்கிருந்தே மனுச் செய்து, அனுமதி கிடைத்தபின் ஆளை வரவழைப்பது. வழி நீளமானதுதான், சில சமயம் அடைபட்டும் கிடக்கும். ஜவுளி, நகை, முடிதிருத்தும் தொழில்களுக்கு 2009-ல் நிறுத்தப்பட்ட வெளிநாட்டு ஆள் அனுமதி, 2023-ல்தான் 7,500 பேர் என்ற வரம்புடன் திறக்கப்பட்டது. இத்தனை வருஷம் அடைத்து வைத்தது நம் வியாபாரத்தை எவ்வளவு வாட்டியது என்பதை அரசு முன்னரே உணர்ந்திருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். ஆயினும் வாசல் அடைபட்டிருப்பது ஜன்னல் வழி ஏறுவதற்கு நியாயமாகாது.

ஊர்ப்பக்கமும் ஒரு விதி உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் குடிபெயர்வுச் சோதனைக் குறிப்பு இருக்கும். அத்தகையவர் மலேசியாவுக்கு வேலைக்கு வருவதானால் இந்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதி தர வேண்டும். சுற்றுலா என்று சொல்லி வருகிறவர் இந்தப் பாதுகாப்பையும் இழந்தே வருகிறார்.

சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நம் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிரந்தரவாசி என்பதால் குடிமகனைப் போலப் போய் வரலாம் என்று எண்ண வேண்டாம். ஊர்ப் பயணத்துக்கு முன் மறுநுழைவு அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துக்கொள்வது அவசியம்.

மெய்யாகவே பார்த்துப் போக வரும் உறவினர், வந்து சேருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மின்வழி வருகைக் கார்டைப் பூர்த்தி செய்ய வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். இதற்குக் கட்டணம் கிடையாது. ஊரில் எவரேனும் இதற்கென்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.