கடைக்காரருக்கு வக்கீல் எப்போது வேண்டும்?

நம் வியாபாரிகளில் இரு சாரார் உண்டு. வக்கீல் என்ற பேச்சை எடுத்தாலே, "அந்தச் செலவுக்குக் கடையை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்" என்று ஒதுங்கி விடுவோர் ஒரு சாரார். முந்நூறு வெள்ளி பாக்கி வைத்தவனுக்கும் "வக்கீல் நோட்டீஸ் வருகிறது பார்" என்று சொல்லிப் புறப்படுவோர் மற்றொரு சாரார். பின்னவருக்கு நஷ்டம் சில நூறு வெள்ளியோடு போகும். முன்னவருக்குத்தான் கடையே போய்விடக்கூடிய ஆபத்து இருக்கிறது. ஏனெனில் அவர் வக்கீலைத் தேடி ஓடுகிற நாளுக்கு வெகு முன்பே கையெழுத்துப் போட்டாகி விடுகிறது.

சங்க அன்பர்கள் சிலர் கேட்டுக் கொண்டதன் பேரில் இதை எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவனல்ல. மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நின்று, கல்லாப் பெட்டியண்டை வருஷக் கணக்காக உட்கார்ந்தவன். ஆகவே ஒரு கடைக்காரன் மற்றொரு கடைக்காரருக்குச் சொல்லக் கூடியதை மட்டும் சொல்லுகிறேன்.

முதலில் சிறு பாக்கி விஷயத்தைப் பார்ப்போம். இதில் வக்கீல் வேண்டுமா என்று நாம் யோசிக்கவே வேண்டியதில்லை. சட்டமே முடிவு செய்து விட்டது. 'ஸ்மால் கிளெய்ம்ஸ்' என்று எல்லோரும் சொல்லுகிற சிறு கோரிக்கை நடுவர் மன்றம் சிங்கப்பூரில் 1985 முதல் நடந்து வருகிறது. அங்கே எந்தக் கட்சிக்காகவும் வக்கீல் ஆஜராக முடியாது. சரக்கு விற்ற பாக்கி, செய்து கொடுத்த வேலைக்குக் கூலி போன்றவற்றில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இரு தரப்பாரும் எழுத்து மூலம் சம்மதித்தால் 30,000 வரை போகலாம். விவகாரம் உண்டான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கட்டணம், வியாபாரிகளுக்கு 5,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைக்கு 50 வெள்ளி, 10,000 வரை 100 வெள்ளி, அதற்கு மேல் நூற்றுக்கு மூன்று. மனுவைக் கணினி வழியாகவே போட வேண்டும். கல்லூரி படிக்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் ஒரு மாலைப் பொழுது வேலை.

என் கடைக்கே ஒரு சமயம் இது தேவைப்பட்டது. சாப்பாட்டுக் கடை நடத்துகிற ஒருவர் அரிசியும் மளிகையும் எடுத்துக் கொண்டு 4,360 வெள்ளியை நிறுத்தி விட்டார். கேட்கப் போனால், "சரக்குக் குறைவாக வந்தது" என்று புதிதாக ஒரு பேச்சு. நான் 50 வெள்ளி கட்டி மனுப் போட்டேன். ரெஜிஸ்திரார் முன்னிலையில் இருவரும் உட்கார்ந்தோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார். என்னிடம் இருந்தவை, அவர் கடைப் பையன் கையெழுத்திட்ட டி.ஓ. சீட்டுகள், பில்களின் நகல், பிறகு வாட்ஸ்அப்பில் அவரே எழுதிய ஒரு வரி: "மாதக் கடைசியில் தந்து விடுகிறேன் பாய்." குறைவான சரக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ரெஜிஸ்திரார் அதைக் காட்டிக் கேட்டதும் மூன்று தவணையாகத் தர அவர் ஒப்புக் கொண்டார். அந்தச் சீட்டுகள் இல்லாதிருந்தால் எவ்வளவு பெரிய வக்கீலிடம் போயிருந்தாலும் வாய்ப்பேச்சுக்கு எதிர் வாய்ப்பேச்சுத்தான்.

ஆனால் இதையும் சொல்லி விட வேண்டும். தீர்ப்பு வாங்குவது வேறு, பணம் வாங்குவது வேறு. எதிரி கொடுக்காவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றத் தனியாக மனுச் செய்து தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். கையில் ஒன்றுமில்லாதவனிடமிருந்து மன்றமும் வாங்கித் தராது, வக்கீலும் வாங்கித் தர மாட்டார். கணக்கை மூடி விட்டு வேலையைப் பார்ப்பதே லாபமாயிருக்கிற பாக்கிகளும் உண்டு.

இந்த மன்றம் நமக்கு மட்டும் திறந்ததல்ல. வாடிக்கையாளரும் நம் மேல் அங்கே வரலாம். 2014-இல் சிம் லிம் ஸ்குவேர் கைத்தொலைபேசிக் கடையொன்று, திருப்பித் தர வேண்டிய 1,010 வெள்ளியைச் சில்லறைக் காசாகக் கொட்டிக் கொடுத்த கதை நினைவிருக்கும். அந்தப் பணமும் இந்த மன்றத்தின் உத்தரவுதான். அக்கடைக்காரர் வாடிக்கையாளர்களை ஏமாற்றிய குற்றங்களுக்காக 2015-இல் 33 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அதுபோலச் சிப்பந்தி சம்பளத் தகராறுக்கு 2017 முதல் வேறொரு நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கும் முதலில் சமரசப் பேச்சு, வக்கீலுக்கு இடமில்லை.

இனி, அந்த மன்றத்துக்குள் அடங்காதவை. நம்மவர்கள் பெரும்பாலோர் இடறி விழுகிற இடம் இதுதான். கைமாற்றாகக் கொடுத்த பணத்தை அங்கே கேட்க முடியாது. அது சரக்கு விற்ற பாக்கியல்ல. கடை வாடகைத் தகராறையும் கொண்டு போக முடியாது. இரண்டு வருஷத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகையை மட்டுமே அம்மன்றம் எடுத்துக் கொள்ளும். இவற்றுக்கெல்லாம் 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் கோர்ட்டு, 250,000 வரை டிஸ்டிரிக்ட் கோர்ட்டு, அதற்கு மேல் ஹைகோர்ட்டு.

கடையைத் தனி ஆளாகப் பதிவு செய்திருப்பவர் இந்தக் கோர்ட்டுகளில் தமக்காகத் தாமே பேசலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி அப்படிப் பேச முடியாது. கோர்ட்டு பிரத்தியேக அனுமதி கொடுத்தாலன்றி வக்கீல் மூலமாகத்தான் நடத்த வேண்டும். நூறு பங்கும் உங்கள் பெயரில் இருக்கலாம், நீங்களே முதலாளியும் நீங்களே கூட்டுகிறவருமாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு ஆள். "கம்பெனியாக்கி விட்டால் சொந்தச் சொத்துக்குக் காவல்" என்று கணக்கப்பிள்ளை சொல்லக் கேட்டு எத்தனையோ பேர் கம்பெனியாக்கினார்கள். காவல் உண்மைதான். வழக்கென்று வந்தால் வக்கீல் செலவு அந்தக் காவலின் விலையில் சேர்ந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் காவலையே ஒரே கையெழுத்தில் தூக்கியெறிகிற இடம் ஒன்று உண்டு. அது கடை வாடகை ஒப்பந்தம்.

நம் பெரியவர்கள் வாடகை ரசீது ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு ஒரே கடையில் காலம் தள்ளினார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லுவதுண்டு. அவர்களுக்குப் பின்னால் 1947-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நின்றது. அது 2001-இல் எடுக்கப்பட்டு விட்டது. இன்று டன்லப் ஸ்திரீட்டிலோ சிராங்கூன் ரோட்டிலோ கடை எடுப்பவருக்கு, தாம் கையெழுத்திட்ட காகிதத்தில் இருப்பதே பெரும்பாலும் சட்டம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 8,000 வெள்ளி, மூன்று வருஷ ஒப்பந்தம். கடைக்காரர் மனத்தில் இருப்பது 8,000. காகிதத்தில் இருப்பது 288,000. வியாபாரம் படுத்துப் பத்தாம் மாதத்தோடு மூடுகிறார் என்று வையுங்கள். மிச்சம் 26 மாதம், 208,000 வெள்ளி. கட்டடக்காரர் வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டால் அந்த அளவுக்குக் குறையும், அவ்வளவே. கம்பெனி பெயரில் எடுத்திருந்தால் கம்பெனியோடு போகும் என்று நினைத்திருப்பார். ஆனால் பின்பக்கத்தில் 'சொந்த ஜாமீன்' என்றொரு தாளில் தம் பெயரையும், சில சமயம் மனைவி பெயரையும் போட்டிருப்பார். அந்தத் தாள் இருந்தால் கம்பெனி என்ற சுவர் இல்லை. வீட்டுச் சேமிப்பு வரை அது வந்து கதவைத் தட்டும்.

இப்படிப்பட்ட ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீல் வாசித்துச் சொல்லும் கூலி, அநேகமாக ஒரு மாத வாடகையில் சிறு பங்குதான் ஆகும். "கட்டடக்காரரின் வக்கீலே நல்லவர், எல்லாம் விளக்கினார்" என்று சொல்லுவோரைப் பார்த்திருக்கிறேன். அவர் நல்லவராயிருக்கலாம். அவர் கட்டடக்காரருக்கு வக்கீல்.

நம் வக்கீலிடம் இன்னின்னதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்: சொந்த ஜாமீன் கேட்கிறார்களா, கேட்டால் அதற்கு ஓர் உச்சத் தொகை வைக்க முடியுமா, காலி செய்யும்போது கடையைப் பழைய நிலைக்குக் கொண்டு வரும் செலவு எதுவரை, கட்டடத்தை இடித்துக் கட்ட நினைத்தால் எத்தனை மாத அறிவிப்பு, மறு ஒப்பந்தத்துக்கு வாடகை எப்படி நிர்ணயமாகும். தேக்கா வட்டாரத்தில் கடை முகப்பின் ஒரு மூலையைப் பூ வியாபாரத்துக்கோ டெலிபோன் கார்டு வியாபாரத்துக்கோ உள்வாடகை விட்டு வருமானம் பார்க்கிறவர்கள், அதற்கு ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்று அவசியம் கேட்க வேண்டும். 1-2-2024 முதல் சில்லறைக் கடை வாடகை ஒப்பந்தங்களுக்கென்று ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தமானால் அச்சட்டத்தின் நடத்தை விதிகளுக்கு இது ஒத்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

முத்திரை வரி கட்ட வேண்டியவர் வாடகைக்கு எடுப்பவர். நான்கு வருஷத்துக்கு மேற்படாத ஒப்பந்தத்தில் மொத்த வாடகையில் 0.4 சதவீதம், மேற்சொன்ன கணக்குக்கு 1,152 வெள்ளி. இங்கே கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முத்திரையில்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது. இதற்கு வக்கீல் தேவையில்லை. கணினியில் நாமே கட்டலாம்.

வாடகைக்கு அடுத்தபடி வக்கீல் வேண்டியது கூட்டு வியாபாரத்துக்கு. நம்மவர் கூட்டு பெரும்பாலும் மாமன் மச்சான் கூட்டு. அதனாலேயே எழுதிக் கொள்ள வெட்கப்படுகிறோம். திருமறையிலேயே நீளமான வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். அதை ஓதிக் கொண்டே மச்சானிடம் எழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்கிறோம்! கூட்டாளி கடை பேரில் வாங்கிய கடனுக்கு முழுப் பொறுப்பும் உங்கள் தலையிலும் விழும். வேறு விதமாக எழுதிக் கொள்ளாவிட்டால், ஒரு கூட்டாளி மௌத்தானால் கூட்டே கலைந்து போகும். அவருடைய பங்கு ஷரீஅத் கோர்ட்டின் வாரிசுச் சான்றிதழ்ப்படி அவருடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டும். ஊரிலிருக்கும் விதவைக்கு எவ்வளவு என்பதை எந்தப் பேரேட்டைப் பார்த்துச் சொல்வது? சரக்கின் மதிப்பு எவ்வளவு, கடையின் பெயருக்கு மதிப்பு உண்டா, எத்தனை மாதத்தில் பிரித்துக் கொடுப்பது என்பதையெல்லாம் இருவரும் உயிரோடும் சிநேகமாகவும் இருக்கிறபோதே ஒரு வக்கீலை வைத்து எழுதி விட வேண்டும்.

தாமாக வந்து சேருகிற காகிதங்களும் உண்டு. அவற்றைக் கல்லாவுக்கடியில் வைக்கக் கூடாது. கோர்ட்டிலிருந்து வழக்குப் பத்திரம் சேர்ந்தால், எதிர்த்து வழக்காடப் போகிறோமென்று 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் நாம் இல்லாமலே தீர்ப்பாகலாம். 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட கடனுக்குக் கம்பெனியின் பேரில் சட்டப்படியான கோரிக்கைப் பத்திரம் வந்து மூன்று வாரம் சும்மா இருந்தால், கம்பெனிக்குக் கடன் கட்ட வழியில்லை என்றே சட்டம் எடுத்துக் கொள்ளும். மனிதவள அமைச்சிலிருந்து விசாரணைக்கு அழைத்தாலும் அப்படியே. அனுமதியில்லாத வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைத்த குற்றத்துக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. இவ்விடங்களில் அன்றைக்கே வக்கீலிடம் போக வேண்டும்.

கூலியைப் பற்றிக் கேட்க நம்மவர் கூசுகிறார்கள். அரிசி வாங்கும்போது விலை கேட்கக் கூசுகிறோமா? "இந்த ஒப்பந்தத்தை வாசித்து ஆபத்தான இடங்களைச் சொல்ல என்ன வாங்குவீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்று முதற் சந்திப்பிலேயே கேட்கலாம். "ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றும் வேண்டாம்" என்கிற ஏற்பாடு இங்கே சாதாரணக் கோர்ட்டு வழக்குகளுக்கு அனுமதியில்லை. அப்படிச் சொல்லிக் கொண்டு வருகிறவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். அந்தக் காலத்தில் ஐந்தடிப் பாதையில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு அவர்கள் செய்த உபகாரம் பெரிது. இப்போது அதே பாணியில் "எல்லா பேப்பரும் எனக்குத் தெரியும்" என்று கடை கடையாக வருகிறவர் வக்கீல் அல்லர். லைசென்ஸ் இல்லாமல் வக்கீல் வேலை பார்ப்பது குற்றம். அவர் தவறாக எழுதியதற்கு நீங்கள் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

வக்கீல் ஆபீசுக்குப் போகுமுன் காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொள்ளுங்கள். நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதிக் கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழ் தெரிந்த வக்கீல்கள் இவ்வூரில் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லி விடுங்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவரிடம் முக்கால் மணி நேரம் பழைய கோபத்தைப் பேசினால் அதற்கும் பில் வரும்.