மோதலும் வேகமும்

மாலை வேளைகளில் நம் விடுதிக் கேரம் பலகையைச் சுற்றிக் கூட்டம் குறைவதில்லை. அசையாமல் கிடக்கும் காயொன்றை, அதே எடையுள்ள மற்றொரு காய் நேராக வந்து மோதுகிறது. வந்தது ஏறக்குறைய நின்றுவிடுகிறது, கிடந்தது ஓடுகிறது. இதற்குக் கணக்குப் போட முயன்ற முதலாண்டுத் தம்பி ஒருவர், வர்க்கங்களிடையே சிக்கித் தாள் முழுவதையும் நிரப்பிவிட்டு என்னிடம் வந்தார். அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன்.

ப என்னும் பொருண்மையுடையது வ என்னும் வேகத்தில் சென்று, அசையாதிருக்கும் ம என்பதை நேருக்கு நேர் மோதுவதாகக் கொள்வோம். மோதிய பின் வேகங்கள் முறையே க, த ஆகுக. முழு மீட்சியுடைய மோதலில் உந்தம் மாறாது. இயக்க ஆற்றலும் மாறாது. ஆகவே,

பவ = பக + மத
பவ² = பக² + மத²

இங்கே அவசரப்பட்டுப் பிரதியிடுவதுதான் தவறு. முதலில் ப உள்ளவற்றை ஒரு பக்கம் சேர்க்க வேண்டும்.

ப(வ − க) = மத
ப(வ − க)(வ + க) = மத²

மோதல் நிகழ்ந்ததால் த சுழியன்று. எனவே இரண்டாவதை முதலாவதால் வகுக்கலாம். வர்க்கம் மறைந்து,

வ + க = த

என்று கிடைக்கிறது. அதாவது, நெருங்கிய வேகமே விலகும் வேகம். இதை முதற் சமன்பாட்டில் இட்டால்,

த = 2பவ / (ப + ம)
க = (ப − ம)வ / (ப + ம)

பொருண்மைகள் சமமாயின் க = 0, த = வ. கேரம் காயின் புதிர் அவிழ்ந்தது.

இஃது ஆட்டத்தோடு நிற்கவில்லை. 1932-இல் கேம்பிரிட்ஜில் சாட்விக், பெரிலியத்திலிருந்து வெளிப்பட்ட மின்னூட்டமற்ற கதிரை ஆராய்ந்தார். சிலர் அதைக் காமாக் கதிர் என்றே எண்ணியிருந்தனர். அது மோதியதில் ஹைட்ரஜன் அணுக்கரு உச்ச அளவாக வினாடிக்குச் சுமார் 330 இலட்சம் மீட்டர் வேகத்திலும், நைட்ரஜன் அணுக்கரு சுமார் 47 இலட்சம் மீட்டர் வேகத்திலும் பாய்ந்தன. வந்த துகளின் வேகம் வ தெரியாது. ஆயினும் இரண்டையும் வகுத்தால் அது நீங்கிவிடும்.

(ப + 14) / (ப + 1) = 330 / 47

இதிலிருந்து ப ஏறக்குறைய 1.16. ஹைட்ரஜனை ஒத்த பொருண்மையுடைய அத்துகளே நியூட்ரான். இன்றைய அளவீடு 1.009. இக்கண்டுபிடிப்புக்காகச் சாட்விக் 1935-இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி உங்கள் முறை. காயைப் போல் மூன்று மடங்கு எடையுள்ள அடிகாய் நேராக மோதினால், இரண்டும் எவ்வேகத்தில் செல்லும்? விடையைக் கண்டபின், விலகும் வேகம் வ என்று வருகிறதா எனச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.