இருதயத் தளர்ச்சியும் ஞாபகக் குறைவும்

கயத்தாற்றை அடுத்த ஒரு சங்கத்தில், தவணை கடந்த கடன்களின் பட்டியலை ஆராயுங்கால், அறுபது வயது கடந்த அங்கத்தினர் ஒருவரின் பெயரைக் கண்டேன். கரிசல் நிலத்தில் பருத்தியும் உளுந்தும் விளைவிப்பவர். அதற்கு முன் ஒருமுறையேனும் தவணை தவறியவர் அல்லர். வேண்டுமென்றே செய்த தாமதம் எனக் கருதி, அறிவிப்பு அனுப்புமாறு பணித்தேன்.

பின்னர் அவர் இல்லம் சென்றபோது உண்மை வேறாயிருந்தது. கட்டவேண்டிய பணம் எண்ணி முடிந்தபடியே பெட்டியில் இருந்தது. அவரோ அதனைக் கட்டிவிட்டதாகவே நம்பியிருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுவதால் இரவில் சாய்ந்து உட்கார்ந்தே உறங்குகிறார் என்று வீட்டம்மாள் கூறினார். மாத்திரை அட்டைகள் பாதிக்கு மேல் பிரிக்கப்படாமலே கிடந்தன. இருதயத் தளர்ச்சி என வைத்தியர் முன்னரே கூறியிருந்தார். அந்நோய் நினைவையும் தாக்கும் என்பதை அவர் குடும்பத்தாரும் அறியார், யானும் அறியேன்.

நோயின் தன்மை

இருதயத் தளர்ச்சி என்பது இருதயம் நின்றுவிடுவதன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்க இயலாமற் போவதாகும். மூளை உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கே எனினும், நாம் கொள்ளும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 பங்கை அதுவே செலவிடுகிறது. கிணற்றில் நீர் குறைந்தால் கடைமடைப் பாத்தி வாடுவதுபோல, இரத்த ஓட்டம் குறைந்தால் மூளையும் வாடும். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இருதயத்தையும் மூளையையும் ஒருங்கே கெடுப்பன.

இத்தொடர்பு புதிதாகக் கண்டதன்று. 1977-ஆம் ஆண்டிலேயே லண்டன் 'லான்செட்' மருத்துவ இதழ் இதனைக் குறித்து எழுதிற்று. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், 2013-ஆம் ஆண்டு திருவனந்தபுரம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இந்நோயுடன் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்தனர். அவர்தம் சராசரி வயது 61. உழைத்துக் குடும்பம் தாங்கும் வயதிலேயே நோய் வருகிறதென்பது இதனால் விளங்கும்.

எவை முதலில் தவறும்?

உண்ணல், குளித்தல், உடுத்தல் ஆகியவை நெடுநாள் தவறா. கணக்குப் பார்த்தல், மாத்திரையை வேளை தவறாது உட்கொள்ளல், பேருந்தேறிச் சென்று வருதல் ஆகியவையே முதலில் தவறும். நெசவாளியாயின், பழகிய கை தறியை ஓட்டும். பாவின் இழைக் கணக்கும் கூலிக் கணக்கும் பிறழும். ஆதலால் வெளியார் கண்ணுக்கு நோய் தெரியாது. சோம்பலென்றும் நாணயமின்மையென்றும் தோன்றும். மாத்திரை மறந்தால் நோய் முற்றும். நோய் முற்றினால் மறதி மிகும்.

செய்யத்தக்கவை

1. மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்து வைத்து, உட்கொண்டவுடன் நாட்காட்டியில் குறியிடுக.

2. நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வருக. வீட்டில் எடைக்கருவி இல்லாதார்க்குச் சங்கத்தின் எடைமேடை உதவலாம். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் கோத்துள்ளதெனக் கொண்டு வைத்தியரைக் காண்க.

3. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றைக் குறைத்திடுக. உப்பு அவற்றில் மிகுதி.

4. மறதியை வைத்தியரிடம் மறையாது கூறுக. இரத்தசோகை, இரத்தத்தில் உப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வந்த குழப்பம் சிகிச்சையால் நீங்கக்கூடும். திடீரென்று குழப்பமோ, வாய் கோணலோ, ஒருபக்கத் தளர்ச்சியோ கண்டால் உடனே 108 வண்டியை அழைக்க.

5. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகின்றனர். இதனைப் பயன்படுத்திக் கொள்க.

நோயாளியின் பொறுப்புகள் யாவற்றையும் பிடுங்கிக்கொள்ளல் தகாது. அவரே செய்யட்டும், உடனிருந்து ஒருவர் சரிபார்க்கட்டும். மேற்கூறிய அங்கத்தினர் இன்றும் தம் பருத்தியைத் தாமே நிறுத்துப் போடுகிறார். சங்கத்திற்கு வீட்டம்மாளும் உடன் வந்து இரசீதைப் பெற்றுச் செல்கிறார். தவணைக்குள் கட்டுவோர்க்குரிய வட்டிச் சலுகையை மட்டும் அவ்வாண்டு அவர் இழந்தார். முன்கூட்டி ஒருவர் சென்று விசாரித்திருப்பின் அதுவும் நேர்ந்திராது.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நாணயமான அங்கத்தினர் முதன்முறை தவணை தவறும் தறுவாயில், அறிவிப்புக்கு முன் அவர் இல்லம் செல்லும் பொறுப்பு யாருடையது?

2. தனித்து வாழும் முதிய அங்கத்தினர்க்குத் துணைநிற்க நம் சங்கத்தில் யார் உளர்?