காலி பாக்கெட்டில் தொடங்கும் நுகர்வோர் பாடம்

நுகர்வோர் பாடத்துக்கு முதலில் வேண்டியவை காலி பாக்கெட்டுகள். பிஸ்கட், சிப்ஸ், சோப்பு என வீட்டில் தூக்கிப்போடுபவற்றை மாணவர்கள் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றில் எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி, புகார் எண் ஆகியவற்றைத் தேடி வட்டமிட வேண்டும். தின்பண்டமானால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணையும் பார்க்க வேண்டும். சில பாக்கெட்டுகளில் எடையைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும், அதுவும் பாடம்தான்.

அடுத்தது கணக்கு. 50 கிராம் 10 ரூபாய், 140 கிராம் 30 ரூபாய் என்று கரும்பலகையில் எழுதி எது மலிவு என்று கேட்டால், பலரும் பெரிய பாக்கெட்டையே சொல்வார்கள். வகுத்துப் பார்த்தால் சின்னதில் கிராம் 20 காசு, பெரியதில் 21 காசுக்கும் மேல். பழைய பாக்கெட்டுகளை எறியாமல் ஒரு பெட்டியில் சேர்த்துவைப்பது நல்லது. அடுத்த ஆண்டு அதே பொருளை வாங்கி ஒப்பிட்டால், விலை ஏறாமல் எடை மட்டும் இளைத்திருந்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கடைவீதி. திருப்பதியிலோ சித்தூரிலோ ரைத்து பஜார் என்னும் உழவர் சந்தையின் விலைப் பலகையைப் பார்த்து, தக்காளி, வெங்காய விலையைக் குறித்துக்கொண்டு, தெருமுனைக் கடையிலும் தள்ளுவண்டியிலும் அதே நாளில் விசாரிக்க வேண்டும். பொருளை வைக்குமுன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கம் இங்கேதான் வரும். இனிப்புக் கடையில் அட்டைப்பெட்டியின் எடைக்கும் சேர்த்து விலை போடக் கூடாது.

பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு ‘கூலிங் சார்ஜ்’ கேட்பதும் தவறு. எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் வாங்கக் கூடாது. திருமலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு. அங்கே கண்ணாடி பாட்டிலுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து அந்தப் பணத்தை மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, செல்போன். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. தரிசன டிக்கெட், தங்கும் அறை என்ற பெயரில் போலித் தளங்கள் அவ்வப்போது முளைப்பதால், முகவரி ‘கவ்.இன்’ என்று முடிகிறதா என்று மாணவர்களே வீட்டாருக்குப் பார்த்துச் சொல்லலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். தாமதித்தால் மீட்பது கடினம்.

கடைசியாகப் புகார் எழுதும் பயிற்சி. என்ன வாங்கியது, எப்போது, எவ்வளவு, என்ன குறை, என்ன வேண்டும் ஆகிய ஐந்தும் அரைப் பக்கத்துக்குள் வர வேண்டும். பில்லின் நகலோடு முதலில் கடைக்காரருக்கும், பலன் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போகலாம். தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.